செவ்வாய்க் கிரகத்தைத் துடைத்த மதினி

களிமண் பொம்மையை மயிரிழை நகர்த்தி ஒரு படம், மறுபடி மயிரிழை நகர்த்தி இன்னொரு படம். இதுதான் என் தொழில். பன்னிரண்டு படம் சேர்ந்தால் திரையில் ஒரு விநாடி ஓடும். திருக்கோகர்ணத்தில் ஒரு வீட்டு முன்னறையில், நானும் கேமரா பார்க்கிற சேதுவும் குழந்தைகள் சேனல் ஒன்றுக்கு விண்வெளித் தொடர் எடுக்கிறோம். நாயகன் டொக்கு, வழி தவறிச் செவ்வாயில் இறங்கிவிட்ட மூன்று கால் பச்சை ஆள். அவனுடைய கப்பல் இரண்டு இட்லித் தட்டுகள். கையால் ஒரு வேலையைச் செய்துவிட்டு ஊருக்கெல்லாம் பதில் சொல்லித் திரிகிற சக பாவிகளே, உங்களிடம்தான் இதைக் கொட்ட முடியும்.

கறுப்புத் துணி

வெளிச்சம் மாறினால் படம் கெட்டுவிடும் என்பதால் ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. டொக்குவின் தலையிலிருக்கும் நூல்முடி ஆடும் என்பதால் மின்விசிறியும் கிடையாது. சித்திரை வெயிலில் அவன் இளகி மெல்லக் குனிவான். நாங்கள் நிமிர்த்தி வைப்போம். அப்படி ஒரு மத்தியானம், எதிர்வீட்டுக்காரர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றார். இருட்டறையையும் வியர்வையில் நனைந்திருந்த எங்களையும் மாறி மாறிப் பார்த்தவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஒங்க ரெண்டு பேர்ல யாருக்குங்க கண்ணு ஆபரேஷன்?"

பச்சப்புள்ள

இதை நினைத்தால் இன்னும் எனக்குக் காது சூடாகிறது. செம்மண்ணைச் சலித்து, பலகை முழுக்கப் பரப்பி, செவ்வாய்த் தரை செய்திருந்தோம். டொக்கு தன் கப்பலை நோக்கி நடக்க வேண்டும். மூன்று மூன்றாகக் காலடித் தடம் விழ வேண்டும். நான்கு நாள் வேலை, பாதிக் காட்சி முடிந்திருந்தது. ஐந்தாம் நாள் எங்களைப் பார்க்க அண்ணன் மனைவி, என் மதினி, குழம்புத் தூக்கோடு வந்தார்கள். நாங்கள் பின்கட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பலகை பளபளவென்று மின்னுகிறது. செவ்வாய் மொத்தமும் முறத்தில் இருக்கிறது.

அழிந்த தடத்தை அதே இடத்தில் திரும்பப் பதிக்க முடியாது. முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். சேது வாசலுக்குப் போய்விட்டார். நான் கத்திய கத்தலுக்கு மதினி அசரவேயில்லை. ஈரத்துணியால் டொக்குவின் முகத்தையும் ஒரு தடவை ஒற்றிவிட்டுச் சொன்னார்கள்: "இம்புட்டுப் புழுதிக்குள்ள நிப்பாட்டி வச்சிருக்கியே கலா, பச்சப்புள்ளைக்குத் தும்மல் வராதா?"

கைரேகை

சேனலில் எங்கள் தொடரைக் கவனிக்கிற அதிகாரி சென்னையிலிருந்து போன் செய்தார். டொக்குவின் கன்னத்தில் என் விரல் ரேகை தெரிகிறதாம், சுத்தமில்லையாம். அந்த ரேகை ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் மாறுவதால்தான் அவன் மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது என்று விளக்கினேன். அவர் கேட்கவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக ரேகையை அழித்து அனுப்பினோம். பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ன மேடம், கம்ப்யூட்டர்ல பண்ணின மாதிரி இருக்கு? கையால செஞ்ச அந்த ஃபீலே இல்லையே!"

ஆலங்குடியில் தீர்ப்பு

தொடரை நிறுத்துவதா, தொடர்வதா என்று முடிவு செய்ய அதே அதிகாரி நேரில் வந்தார். ஆலங்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினோம். கப்பல் மேலே எழும்போது அதைத் தூக்குகிற நூல் பளிச்சென்று தெரிந்தது. "போச்சு, சிரிக்கப் போறாங்க" என்று அதிகாரி என் காதருகே முணுமுணுத்தார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். "அக்கா, அந்த நூலு அறுந்து போச்சுன்னா அவன் எப்புடி அவுக வீட்டுக்குப் போவான்?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அறுகாது என்று சத்தியம் செய்து உட்கார வைத்தேன். என் கண்ணும் சரியாக இல்லை. தொடர் பிழைத்துவிட்டது. ஆனால் கிளம்பும்போது அதிகாரி, அது தன் யோசனை என்பதுபோல, என்னிடம் சொன்னார்: "அடுத்த எபிசோட்ல நூல் இன்னும் நல்லாத் தெரியணும் மேடம், இப்புடி ஒளிச்சு வைக்கக் கூடாது."

இவ்வளவுக்குப் பிறகும் மறுநாள் காலை எல்லாருக்கும் முன்னால் போய் அந்த மேஜையில் உட்கார்ந்தேனே, என் கோபத்தில் பெரும்பங்கு அதற்காக என்மீதேதான்.