கடைசி அழைப்பு எங்கள் வீட்டுக்கு

எனக்குச் சித்தப்பா, பெரியப்பா என்று ஒரு பேருந்து நிறைய ஆட்கள் உண்டு. ஒருவருக்கும் எனக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னபோது என் தாளைப் பார்த்து டீச்சர், "இது என்னடி, மரமா தோப்பா?" என்றார். அந்தத் தோப்புக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் என் அம்மா.

அப்பா பாராசூட் படையில் இருந்தார். போரில் விமானத்திலிருந்து குதித்தபோது அவருடைய பாராசூட் விரியவில்லை. நான் அப்போது அம்மா வயிற்றில் இருந்தேன். ஆகவே அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. படத்தில் நல்ல மூக்கு. அது எனக்கு வரவில்லை என்பதில் மட்டும் கொஞ்சம் வருத்தம்.

அம்மாவுக்கு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. தரைக்கும் கீழே ஜன்னல் இல்லாத கூடம். ஈரமான படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துச் சூடான உருளைக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் அது காகிதம் மாதிரி விறைத்துக்கொண்டு வரும். எனக்கும் படிப்புக்கும் ஒத்துப்போகவில்லை என்று ஆன பிறகு, இன்னொரு முனையைப் பிடிப்பது நான்தான். பல வருஷமாக அந்தச் சூட்டைத் தொட்டுத் தொட்டு அம்மாவின் விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன. அடுப்பிலிருந்து பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்குவாள்.

"சுடலையாம்மா?"

"சுடுது போல."

பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பற்றிச் சொல்வது மாதிரி சொல்வாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. வெங்காயமே தோற்றுப்போகும்.

போர் முடிந்த மறுவருஷம் அரசாங்கம் படையில் மிஞ்சியவர்களையும் குடும்பங்களையும் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டு, ஆளுக்கொரு கேடயம் கொடுத்ததாம். அப்பாவின் விமானத்தில் இருந்தவர்கள் மூலைக்கு ஒருவராக உட்கார்ந்து டீ குடித்தார்களாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்ற ஒருவரிடம் போய், "அவர் விமானத்துல எந்த இடத்துல நின்னார்?" என்று கேட்டாள். அவர் பேக்கரி வைத்திருப்பவர். எங்கள் பேக்கரிப் பெரியப்பா.

பெரியப்பா விவரமாகச் சொன்னார். குதிக்கும் முன் எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். அவரவர் முன்னால் நிற்பவரின் முதுகுப் பையையும் வாரையும் தடவிச் சோதிக்க வேண்டும். கடைசி ஆள் முன்னால் இருப்பவரின் தோளைத் தட்டி "சரி" என்பார். அவர் தனக்கு முன்னால் இருப்பவரைத் தட்டிச் "சரி" என்பார். அப்படியே அது கதவுவரை வந்து சேரும். கடைசியில் நின்றது பேக்கரிப் பெரியப்பா. கதவோரம் நின்றது அப்பா.

"அப்ப அதே வரிசையில போன் பண்ணுங்க," என்றாள் அம்மா. "ஞாயித்துக்கிழமை காலையில. கடைசியா எனக்கு வரட்டும்."

"போன் பண்ணி என்னம்மா சொல்றது?"

"அங்க சொன்னதையே சொல்லுங்க."

அன்றிலிருந்து எங்கள் ஞாயிறு அப்படித்தான். பெரியப்பா முதல் தட்டு ரொட்டியை அடுப்பில் வைத்துவிட்டு ஆரம்பிப்பார். வரிசையில் யாராவது இறந்தால் அவர் மனைவியோ பிள்ளையோ அந்த இடத்தில் நிற்பார்கள். கடல் தாண்டி வேலைக்குப் போன ஒரு அண்ணன், அங்கே நடுராத்திரி என்றாலும், எழுந்து "சரி" சொல்லிவிட்டுப் படுப்பான். அழைப்பு எங்கேயாவது நின்றுபோனால் அம்மா தேடிக்கொண்டு போவாள். குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்த ஒருவரை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். "ஒரு துண்டாவது கட்டியிருக்கலாம்" என்று அவர் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்.

எங்களுக்கு அழைப்பவர் அப்பாவுக்குப் பின்னால் நின்றவர். சந்தை முனையில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். மணி அடிக்கும். அம்மா எடுப்பாள். "சரி, அண்ணி." வைத்துவிடுவார். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. அவருடைய எண்ணுக்கு மட்டும் ஆடு கத்துகிற சத்தத்தை நான் வைத்துவிட்டேன். அம்மா மாற்றவில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் ஆடு கத்தும், பிறகு அம்மா அந்த வாரத்துக்கான மூச்சை விடுவாள். வேறு எதற்கும் அவள் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

சமீபத்தில், வரிசையின் நடுவில் நின்ற தபால்காரப் பெரியப்பா இறந்துபோனார். அன்றைக்கு ஞாயிறு. விடிந்ததிலிருந்தே நெஞ்சு வலி. ஆனாலும் தன் முறை வந்தபோது போனை எடுத்துச் "சரி" என்று சொல்லியிருக்கிறார். வரிசையை நிறுத்தக் கூடாதே. யாரும் மேலே ஒன்றும் கேட்கவில்லை, கேட்கிற வழக்கமும் இல்லை. அந்தச் "சரி" ஆள் மாறி ஆள் மாறி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சாயங்காலம் அவர் இல்லை.

இறுதிச் சடங்கில் பூட்டுக்காரச் சித்தப்பா தண்ணீர்க் குழாய்ப் பக்கமாகவே நின்றார். யாரிடமும் பேசாமல் போய்விட்டார். அடுத்த ஞாயிறு ஆடு கத்தவில்லை.

அம்மா, வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற டிரைவர் சித்தப்பாவைப் போனில் கூப்பிட்டாள்.

"நான் சொல்லிட்டேன் அண்ணி. எடுத்தான். 'ம்'னான். வச்சுட்டான்."

அதற்கு அடுத்த ஞாயிறும் அப்படியே. இந்தத் தடவை டிரைவர் சித்தப்பா, "அவனே விட்டுட்டா நாங்க மட்டும் யாருக்குச் சொல்றது? போதும் அண்ணி, வயசாச்சு," என்றார். பின்னாலிருந்தும் இரண்டு மூன்று பேர் அதே பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள். அம்மா போனை மேஜைமேல் வைத்தாள். பிறகு செருப்பைப் போட்டாள். நானும் போட்டேன்.

பூட்டுக் கடை என்பது ஒரு அலமாரிக்குக் கதவு வைத்த அளவுதான். சித்தப்பா இடுக்கியில் ஒரு சாவியைப் பிடித்து அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வாங்க அண்ணி."

"போன் கெட்டுப்போச்சா?"

"இல்ல."

"அப்ப வாய்தான் கெட்டிருக்கும்," என்றேன் நான். "திறக்கிறதுக்கு நல்ல ஆளா பாத்துக் கூட்டிட்டு வரட்டுமா சித்தப்பா?"

வழக்கமாக இதற்கு ஒரு குட்டு விழும். அன்றைக்கு விழவில்லை. அரத்தை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"தபால்கார அண்ணன் விஷயத்துல நான் உங்களுக்குச் சரின்னு சொன்னேன். அது ரெண்டாவது தடவை அண்ணி."

அம்மா கடை வாசல் படியில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் கதவைத் திறந்துட்டாங்க. அப்படி ஒரு குளிர். விரல் இருக்கா இல்லையான்னே தெரியல. அண்ணன் முதுகைத் தடவினேன். தடவினேன்னுதான் நினைக்கிறேன். பின்னாடி எல்லாரும் நிக்கிறாங்க. தோளைத் தட்டினேன். பாராசூட் துணி ஈரத்துல உறைஞ்சு ஒட்டிக்கிச்சு, யார் தொட்டிருந்தாலும் தெரிஞ்சிருக்காதுன்னு விசாரணையில எழுதினாங்க. எழுதுவாங்க. தொட்டது நான்தானே."

எனக்கு ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. சுவரில் தொங்கிய வெற்றுச் சாவிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாம் பல் இல்லாமல் இருந்தன.

"உங்க கைதான்னு எனக்குத் தெரியும்," என்றாள் அம்மா. "தெரிஞ்சுதான் அந்த வரிசை கேட்டேன்."

"வாராவாரம் என்னைச் சொல்ல வைக்கிறதுக்கா?"

அம்மா யோசித்தாள். பொய் சொல்ல யோசிக்கிற முகம் இல்லை அது.

"முதல்ல அப்படித்தான் இருந்திருக்கும். உங்க குரல் ஒரு நாளாவது உடையுதான்னு கேட்டுட்டு இருந்தேன். அப்புறம் அது எப்பப் போச்சுன்னு தெரியல. அப்புறம் நீங்க கூப்பிட்டாப் போதும்னு ஆயிடுச்சு."

சித்தப்பா தலையை ஆட்டினார். அழுதாரா என்று கேட்டால் தெரியாது. கடையில் இரும்புத் தூள் பறக்கும். எல்லார் கண்ணும் சிவப்பாகத்தான் இருக்கும்.

"நீங்க சொல்ல வேண்டாம்," என்றாள் அம்மா. "இனிமே நான் உங்களுக்குப் போடறேன். நீங்க டிரைவருக்குப் போடுங்க. முன்னாலேருந்து பின்னால போகட்டும்."

"அப்படி வழக்கமே இல்ல அண்ணி. முன்னாடி நிக்கிறவனுக்கு முதுகுல கண்ணு ஏது?"

"நாம என்ன விமானத்துலயா நிக்கிறோம்? திரும்பிப் பாத்துக் கேளுங்க. சாப்பிட்டியா, எங்க வலிக்குதுன்னு. சரிங்கிற வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது."

இதைக் கேட்டுப் பேக்கரிப் பெரியப்பா போனிலேயே குதித்தார். "இத்தனை வருஷமா ஆரம்பிச்சு வைக்கிறவன் நான். என்னைக் கொண்டுபோய்க் கடைசியில போட்டா என்ன மரியாதை? ரொட்டி ஆறிப்போகுமே!"

"ஆறினதை எங்களுக்கு அனுப்புங்க பெரியப்பா," என்றேன். அதற்குக் கொஞ்சம் திட்டு வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு காலையில் அம்மா பூட்டுக்காரச் சித்தப்பாவின் எண்ணைப் போட்டாள். நெடுநேரம் அடித்தது. எடுத்தார். ஸ்பீக்கரில் கடைத் தெருவின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"எங்க வலிக்குது?" என்றாள் அம்மா, சலவைக்கூடத்தில் கறை எங்கே என்று கேட்கிற அதே குரலில்.

"தெரியல அண்ணி."

"எனக்கும் தெரியல. சாப்பிட்டீங்களா?"

"இனிமேதான்."

"சாப்பிட்டுட்டு டிரைவருக்குப் பண்ணுங்க."

வைத்துவிட்டுத் துணி மடிக்க உட்கார்ந்தாள். வரிசை தன்னிடம் வந்து முடிந்ததும் பேக்கரிப் பெரியப்பா எங்களுக்குப் பண்ண வேண்டும் என்று ஏற்பாடு. அந்த அழைப்பு வரவே இல்லை. மத்தியானம் ஆயிற்று. நான் சும்மா இருக்காமல், "எங்கயோ அறுந்துபோச்சும்மா," என்றேன். அம்மா மடிப்பதை நிறுத்தினாள். பூட்டுக்காரச் சித்தப்பாவைக் கூப்பிட்டாள். அவர் வேறு அழைப்பில் இருப்பதாகப் போன் சொன்னது. டிரைவர் சித்தப்பாவைக் கூப்பிட்டாள். அவரும் வேறு அழைப்பில் இருந்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டாள். இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இவ்வளவு நேரம் என்னதான் பேசுறாங்க?" என்றேன்.

"தெரியல," என்றாள் அம்மா. போனை மடியில் வைத்துக்கொண்டு, பாதி மடித்த துணியைத் தேடினாள். அது அவள் கையில்தான் இருந்தது.