நாயின் விலாவில் வைத்த உப்பு ஒத்தடம்

பிள்ளைகளே, நம் நாயின் கட்டியைப் பற்றி உங்களிடம் பாதியைத்தான் சொன்னேன். மீதியை நேரில் சொல்ல வாய் வரவில்லை. எழுதி வைக்கிறேன்.

அதற்குப் பதிமூன்று வயது. நான் உப்பளத்திலிருந்து வரும்போது தெருமுனை வரை ஓடி வந்த காலம் போய், வாசலில் படுத்தபடி வாலை மட்டும் ஆட்டும். ஒருநாள் தடவிக் கொடுக்கையில் முன்னங்காலுக்குப் பின்னால், விலாவில், புளியங்கொட்டை அளவில் ஒன்று விரலில் தட்டுப்பட்டது. அழுத்தினேன், நாய் முனகவில்லை. சூட்டுக்கட்டி என்று நினைத்தேன்.

உப்பளத்துக்காரர்களுக்கு வீக்கம் என்றால் ஒரே வைத்தியம்தான். கல்லுப்பை வாணலியில் வறுத்து, துணியில் முடிந்து, சூட்டோடு ஒத்துவோம். என் முதுகுக்கு உங்கள் அம்மா அப்படித்தான் ஒத்திவிடுவாள். ஆனால் நாயை டாக்டரிடம் காட்டச் சொன்னவளும் அவள்தான்.

"உங்களுக்கு ஒலகத்துல எல்லாத்துக்கும் உப்பு ஒண்ணுதான்" என்றாள்.

நான் சிரித்தேன். உப்பு வாரும் நாட்கள். ஒரு மழை பெய்தால் பாத்தியில் இருப்பதெல்லாம் கரைந்துவிடும். முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். உண்மையில், டாக்டர் என்ன சொல்வாரோ என்ற பயமும் இருந்தது.

தினமும் சாயங்காலம் ஒத்தடம் கொடுத்தேன். முதல் வாரம் பேசாமல் படுத்திருந்த நாய், பிறகு திமிறியது. பெரியவளே, அப்போதுதான் உன்னைத் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். நீ அதன் காதருகே குனிந்து, "கொஞ்சம் பொறுத்துக்கடி, அப்பா சரி பண்ணிடுவாரு" என்றாய். சின்னவன் பார்க்க மாட்டாமல் வெளியே போய்விட்டான்.

கட்டி எலுமிச்சை அளவானது. பழுத்து வருகிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். இரண்டு மாதத்தில் உடைந்தது. சீழ் வரவில்லை. ரத்தம்தான் வந்தது, நிற்கவில்லை.

ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோனேன். முடி உதிர்ந்து வெந்திருந்த தோலை டாக்டர் பார்த்தார். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார்.

"பத்து நாளுங்க" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தபடி மறுபடியும் அதையே கேட்டார். அப்போது எல்லாவற்றையும் சொன்னேன், உப்பையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பார்த்துவிட்டு, புற்று என்றார்.

"சின்னதா இருக்கும்போதே கொண்டாந்திருந்தா அறுத்து எடுத்திருக்கலாம்பா. இப்ப அக்குள்லயும் எறங்கிடுச்சி. இந்த வயசுல மயக்க மருந்து தாங்காது."

வலிக்கு மாத்திரை மட்டும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும், பெரியவளே, நீ கேட்டாய்: "நான் அழுத்திப் புடிச்சதாலயாப்பா?"

வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன். நீ அதை நம்பவில்லை. அன்றிலிருந்து நீ நாயைத் தொடுவதில்லை. சோற்றுத் தட்டைத் தூரத்திலிருந்தே தள்ளிவிடுகிறாய்.

போன வாரம் நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தபோது, உங்கள் அம்மா என் முதுகுக்கு உப்பு வறுத்தாள். வாணலியில் உப்பு வெடிக்கும் சத்தம் கேட்டதும் நாய் எழுந்தது. கால் நடுங்க நடுங்க வெளியே போய், வெயிலில் நின்றது. உங்கள் அம்மா போய்க் கூப்பிட்டாள், அவளிடம் வந்தது. நான் கூப்பிட்டேன், வரவில்லை.

பெரியவளே, அது பயப்படுவது என் கைக்குத்தான். உன் கைக்கு அல்ல. அதற்கு இனி அதிக நாள் இல்லை. போய்த் தலையைத் தடவிக் கொடு. விலாப் பக்கம் மட்டும் கை படாமல் பார்த்துக்கொள்.