உகோவின் இருமலைத் துடைத்தவர்

அர்ஜென்டினாவின் லா பிளாத்தா நகரில் ரொலாந்தோ இத்துரால்தே செய்து தரும் பல் செட்டில் ஒரு பிசிறு இருக்காது. கறை என்றால் அவருக்கு ஆகாது. அது கோப்பையில் இருந்தாலும் சரி, கேசட்டில் இருந்தாலும் சரி.

ஆகவே 'உமெதாத்' ராக் குழுவின் பழைய ஒத்திகைப் பதிவு வெளியே கசிந்தபோது, அவர் அதைத் துடைக்க உட்கார்ந்ததில் மனைவி மாபெலுக்கு ஆச்சரியமில்லை. முதல் ஆல்பத்துக்கு முன்னால், ஒரு கேரேஜில் பதிந்தது. ஞாயிற்றுச் சந்தையில் அந்த கேசட்டை வாங்கிய யாரோ இணையத்தில் ஏற்றிவிட்டு, கேசட்டையும் தொலைத்துவிட்டார்கள். ஏற்றியபோது அது வேகமாக ஓடியிருந்ததால் பாடகர் எலி மாதிரி கீச்சிட்டார்.

ரொலாந்தோ பின்னணியில் கேட்ட கரண்ட் ரீங்காரத்தைப் பிடித்துக்கொண்டார். அது ஊர் முழுக்க ஒரே சுருதியில் ஒலிப்பது. அந்தச் சுருதி வரும்வரை வேகத்தைக் குறைத்தார். எலி மனிதனாயிற்று. பிறகு ரீங்காரத்தையும் நீக்கினார். இருமல், நாற்காலி இழுபடும் சத்தம், பாட்டுகளுக்கு நடுவே பேச்சு, எல்லாம் போயிற்று.

"பொண்டாட்டி பேசுறதையும் இப்படித் துடைக்க முடியுமான்னு பாத்திருப்பீங்களே?" என்றாள் மாபெல்.

"அதுக்கு இன்னும் சாஃப்ட்வேர் வரல."

ரசிகர் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. சுத்தமான பிரதி வந்ததும் அழுக்குப் பிரதியை எல்லோரும் அழித்துவிட வேண்டும். வழக்கத்தைக் கொண்டுவந்தவரே ரொலாந்தோதான். தன்னுடையதை அழிப்பதைப் படம்பிடித்தே குழுவில் போட்டார். "அழுக்கும் பாட்டுதான்யா" என்று முரண்டு பிடித்த பழக்கடை வால்தேரைக் குழுவிலிருந்து நீக்கினார்.

ஒரு சனிக்கிழமை காலை, பட்டறைக்கு ஒரு பெண் வந்தாள். போன குளிர்காலத்தில் செத்துப்போன உகோவின் மனைவி சுல்மா. உகோ அந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர்.

"நீங்க சரிபண்ணினதக் கேட்டேங்க. ரொம்பச் சுத்தமா இருக்கு. அவர் எங்க?"

"மூணாவது பாட்டுல அவர் கிட்டார் அவ்வளவு தெளிவா..."

"கிட்டார் வீட்லயே இருக்கு. எனக்கு அவர் குரல் வேணும். அவர் பாடவே மாட்டார். பேட்டின்னா ஓடிடுவார். போன்லகூட எழுதித்தான் அனுப்புவார். ஆனா பாட்டு முடிஞ்சா ஏதாவது உளறுவார். அது எங்க போச்சு?"

ரொலாந்தோவின் தலையில் இடி விழுந்தது. மத்தே என்ற இலைத் தேநீர் குடிக்க வைத்திருந்த தண்ணீர் அதற்குள் கொதித்துவிட்டது; கொதித்தால் மத்தேக்கு ஆகாது. அதைக் கொட்டிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, சுல்மாவோடு பழக்கடைக்கு நடந்தார்.

"அடடே, சுத்தக்காரர்! உள்ள வராதீங்க, தரையெல்லாம் மண்ணு," என்றான் வால்தேர்.

"உன்கிட்ட அந்தப் பழைய பிரதி இருக்கா?"

"நீங்கதானே அழிக்கச் சொன்னீங்க?"

"சொன்னேன்."

"எல்லாரும் அழிச்சாங்கல்ல?"

"அழிச்சாங்க. தப்பு என்னுதுதான்டா. நாளைக்கு எவ்வளவு வேணும்னாலும் திட்டு. இவங்க உகோவோட வீட்டுக்காரம்மா."

வால்தேர் ஆரஞ்சைத் தராசிலேயே விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கணினியைத் திறந்தான்.

முதல் பாட்டு முடிந்தது. ஓர் எலி இருமியது. இன்னும் ஏதோ கீச்சிட்டது. சுல்மாவின் முகம் வாடிவிட்டது.

"இது அவரில்ல."

"கொஞ்சம் இருங்கம்மா," என்றார் ரொலாந்தோ. ரீங்காரத்தைக் காதில் வைத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தார். இன்னும் கொஞ்சம். பழக்கதோஷத்தில் அவர் விரல் திரையில் இருமல் இருந்த இடத்துக்குப் போனது. வால்தேர் அதைத் தட்டிவிட்டான்.

மறுபடி ஓட விட்டார். கனத்த குரலில் ஓர் ஆண் இருமினான். நாற்காலி இழுபட்டது.

"எவன்டா என் எம்பனாதாவத் தின்னது? சுல்மா கட்டிக் குடுத்தாடா!"

யாரோ சிரித்தார்கள். அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.

சுல்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் தாடையிலிருந்து ஆரஞ்சுக் கூடையில் சொட்டியது. வால்தேர் கூடையை நகர்த்தவில்லை.

"பொய் சொல்றார்," என்றாள் கடைசியில். "பஸ்ஸிலயே தின்னு தீத்திருப்பார். பாவம், அந்தப் பசங்க மேல பழியப் போடறார் பாருங்க. இன்னொரு தடவ போடுங்க."