பராசரன் அமர்ந்த முதற்பந்தி

மைசூர் அக்ரஹாரத்துச் சிறு பெருமாள் கோயிலில் ஆழ்வார் திருநட்சத்திர விருந்தென்றால், மூத்தோர் முதற்பந்தியில் அமர்வதே பழைய முறை. தர்மகர்த்தா ஸ்ரீனிவாசராகவன் சர்க்கார் கச்சேரியில் பதவி உயர்வு பெற்ற ஆண்டில், அம்முறை அவருக்கு உறுத்தத் தொடங்கியது. பல்லில்லாதவர்கள் மென்று முடிப்பதற்குள், விருந்துக்கு வரும் அவருடைய மேலதிகாரிகளுக்கு நேரம் தவறிவிடுகிறதாம். ஆகவே கிழவர்களுக்குக் கடைசிப் பந்தி என்று உத்தரவிட்டார். பெருமாளை மட்டும் அவர் கடைசிக்குத் தள்ளவில்லை. பெருமாள் மெல்லுவதில்லை அல்லவா!

கடைசிப் பந்தி கூடும்போது வெயில் சாய்ந்திருக்கும். சாற்றில் வெந்நீரே மிகுந்திருக்கும்.

பராசரன் முத்திரைத்தாள் அலுவலகத்துக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், யாரையும் அதட்டியறியாதவர். அந்த உத்தரவுக்குப் பிறகு அவர் வீடு வீடாக நடந்தார். "சோற்றுக்காகக் கேட்கவில்லை. நாம் இன்னும் இருக்கிறோம் என்பதற்காகக் கேட்கிறேன்" என்றார். கிழவர்கள் தலையாட்டினார்கள். அவர்களுடைய மகன்களோ, உத்தியோகத்துக்குத் தர்மகர்த்தாவின் சிபாரிசை எண்ணித் தகப்பன்மாரை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்கள். படித்த பிள்ளைகள்!

எதிர்வீட்டுக் கைம்பெண் ஸத்யபாமா, எழுபதைக் கடந்தவள், வாசலிலேயே மடக்கினாள்.

"ஏன் ஸ்வாமி, பெண்கள் பந்தியில் எங்களுக்கு என்றைக்கும் கடைசி இலைதானே? உமக்கு இப்போதுதான் சுருக்கென்று குத்தித்தோ?"

பராசரன் வெட்கப்பட்டார். "உங்களுக்கும் சேர்த்தே கேட்கிறேன், அம்மா."

கேட்டார். தர்மகர்த்தா சிரித்தார். "ஓய், இந்த வயதில் உரிமைப் போரா? மோர்சாதம் வீட்டுக்கே அனுப்புகிறேன், போம்!"

விருந்தன்று, பராசரனும் துணிந்து வந்த சில கிழவர்களும் முதற்பந்தியில் அமர்ந்துவிட்டார்கள். தர்மகர்த்தா கவனித்தபோது, அவர்கள் இலையைச் சுற்றி நீர் தெளித்து உண்ணத் தொடங்கியிருந்தார்கள். அதன்பின் ஒருவரை எழுப்புவது பாவம். பந்தியில் ஒருவர் இடையில் எழுந்தாலும் மற்ற எல்லாரும் அத்துடன் கை கழுவ வேண்டும், அதுவும் ஆசாரம். ஆகவே அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதிகாரிகளின் நடுவே அமர்ந்தார்.

பராசரன் மென்றார். நிதானமாக மென்றார்.

"சீக்கிரம் ஆகட்டும், ஓய்!"

"பல் இருந்தால் ஆகாதா? உம்முடையதில் இரண்டு இரவல் தாருமேன்!"

பந்தி முழுவதும் சிரித்தது, மேலதிகாரியும் சிரித்தார். அதைத்தான் தர்மகர்த்தாவால் தாங்க முடியவில்லை. "போதும்!" என்று துள்ளியெழுந்தார்.

எழுந்த பின்பே தாம் செய்தது அவருக்கு விளங்கியது. நெய் ததும்பும் வெல்லச்சோறான அக்காரவடிசல் இன்னும் பரிமாறப்படவில்லை. மடைப்பள்ளியிலிருந்து நெய்மணம் வந்துகொண்டிருக்க, ஆசாரம் விடாத அதிகாரிகள் ஒவ்வொருவராக எழுந்து கை கழுவப் போனார்கள். மேலதிகாரி நேரே ஜட்கா வண்டியில் ஏறினார். கிழவர்களும் அரைவயிற்றோடுதான் வீடு திரும்பினார்கள்; ஆனால் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள்.

அடுத்த விருந்துக்கு முன், பெரியவர்களை முறைப்படி அழைத்தால்தான் தாம் வருவதாக மேலதிகாரி சொல்லியனுப்பினார். முதியோர்மீது அவருக்குத் திடீரெனப் பிறந்த பக்தி, அக்காரவடிசலின்மீது கொண்ட பக்தியே. எப்படியாயினும், தர்மகர்த்தா பராசரனின் வாசலில் வந்து நின்றார்.

"தேவரீர் முதற்பந்திக்கு எழுந்தருள வேண்டும்."

"ஸத்யபாமாவை அழைத்தாயிற்றா?"

"அவளையா? பெண்கள் பந்தியில் அவளுக்கு முதல் இலையா?"

"அழைத்துவிட்டு வாரும். அதன்பின் நான் வருகிறேன்."

தர்மகர்த்தா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு தெருவைக் கடந்து, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். ஸத்யபாமா உள்ளேதான் இருந்தாள்; கதவைத் திறக்க அவசரப்படவில்லை.