மூச்சைப் பிடிச்சுக்கோ, மவ்ரா

வடகோடிப் பனிதேசத்து யானா ஆற்றங்கரையில் புரோகோப்பியைத் தெரியாதவர் கிடையாது. கல்யாணமோ சாவோ குதிரைப் பந்தயமோ, படம் எடுக்க அவன்தான் வரவேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரியில் கேமராவைக் காப்பாற்றுவது என்ன லேசுப்பட்ட வேலையா! எண்ணெய் உறைந்து இறுகாமலிருக்க உள்பாகங்களை பெட்ரோலில் கழுவித் துடைத்து வைத்திருந்தான். கன்னத்துத் தோல் ஒட்டிக்கொள்ளுமே என்று இரும்பின்மேல் துணி சுற்றியிருந்தான். வெளியே போய் வந்தால் சூடான அறைக்குள் கொண்டுவரமாட்டான், வேர்த்துக் கெட்டுவிடும். பையில் கட்டிக் குளிர்ந்த முன்னறையிலேயே போட்டுவைப்பான். அதற்கு முயல்தோலில் ஒரு கோட்டு வேறு.

"எனக்கு ஒரு கையுறை தெச்சுத் தந்திருப்பியாய்யா? இந்தத் தகர டப்பாவுக்குக் கோட்டாம் கோட்டு!" என்று அவன் மனைவி மவ்ரா சிரிப்பாள்.

ஊரையே படம் எடுத்தவன், கல்யாணத்துக்குப் பிறகு அவளை ஒரு படம்கூட எடுக்கவில்லை. எங்கே போய்விடப் போகிறாள் என்ற நினைப்பு. பாவி மனுஷன், அந்த நினைப்பிலேயே காலம் ஓடிவிட்டது.

அவளுக்கு நுரையீரல் கெட்டுப்போயிற்று. நகரத்து மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுபோகும் நாளன்று அவளே வாய்விட்டுக் கேட்டாள்.

"படுக்கையில வேணாம். என் குதிரை பக்கத்துல, வெயில்ல நிக்கிறேன். நான் போயிட்டா கல்லறையில அந்தப் படத்தைத்தான் வெக்கணும்."

"போறதாவது! முதல்ல வாயைக் கழுவு."

"கழுவிட்டேன். எடுய்யா."

அந்தக் குளிரில் விடுகிற மூச்சு வெண்புகையாகி முகத்தையே மூடிவிடும். படத்துக்கு நிற்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஊரில் குழந்தைக்குக்கூட அது தெரியும். மவ்ராவால்தான் முடியவில்லை. பிடிப்பாள், உடனே இருமல் வரும், அவன் விரல் அழுத்துவதற்குள் முகம் புகைக்குள் போய்விடும். மறுபடியும் எடுத்தான், மறுபடியும் புகை. அவள் உதடு நீலம் பாரித்தது.

"அத்தான், விமானம் நமக்காக நிக்காது!" என்று வண்டியிலிருந்து அவள் தங்கை ஃபெக்லா கத்தினாள்.

"ஒரே ஒரு தடவை," என்றாள் மவ்ரா. "இந்தத் தடவை புடிச்சிருவேன்."

பதற்றத்தில் அவன் பிலிம் சுற்றும் விசையை வெடுக்கென்று இழுத்துவிட்டான். குளிரில் பிலிம் அப்பளம் மாதிரி, மெதுவாகத்தான் சுற்ற வேண்டும் என்று ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவன் அவன். உள்ளே அது பட்டென்று அறுந்தது விரலுக்குத் தெரிந்தது. வேறு சுருள் மாட்ட நேரமில்லை, அவளுக்குத் தெம்பும் இல்லை.

அவள் மூச்சைப் பிடித்துவிட்டாள். குதிரையின் கழுத்தில் கை போட்டு, இருமல் இல்லாமல், புகை இல்லாமல், முகம் முழுசாகத் தெரிய நின்றாள். பிலிம் அறுந்த கேமராவின் பொத்தானை அவன் அழுத்தினான்.

"விழுந்துச்சா?"

"விழுந்துச்சு மவ்ரா. அம்சமா விழுந்துச்சு."

அந்தச் சந்தோஷத்தோடு வண்டி ஏறினாள். வசந்தத்தில் ஆற்றுப் பனி உடைவதற்கு முன் சவப்பெட்டியில் திரும்பி வந்தாள்.

கல்லறைக்குப் படம் கேட்டு ஃபெக்லா வந்தாள். அறுந்த சுருளில் மிஞ்சியிருந்த படத்தை அவன் நீட்டினான். அதில் குதிரை இருந்தது, ரோமத் தொப்பி இருந்தது, தொப்பிக்குக் கீழே வெறும் வெள்ளை.

"என்ன அத்தான் இது? அக்கா மூஞ்சியே இல்லையே! நல்லா விழுந்துச்சுன்னு ஆஸ்பத்திரி பூரா சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போனாளே!"

"இதுதான் இருக்கு," என்றான் புரோகோப்பி. "இதுலயாவது மூச்சு விட்டுட்டிருக்கா."