பலாப்பழத்தின் மேல் போட்ட பழி

கிட்டாரின் கழுத்தை உடைத்தவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்போது மூன்று மாதம் சொல்லாமல் இருந்தேன். அந்த மூன்று மாதமும் பழி ஒரு பலாப்பழத்தின் மேல் கிடந்தது. பழத்துக்கு வாயில்லை. வாயுள்ள என் நண்பனோ, பழத்தின் பங்கு போக மீதிப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். எனக்கென்று எதுவும் மிச்சம் வைக்கவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் கடலூரில் ஒரே தெரு. அவன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார்கள், எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவார்கள், மற்றபடி பெரிய வித்தியாசம் கிடையாது. படிப்பு முடிந்ததும் எனக்குச் செம்மங்குப்பத்தில் ஒரு சாயக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை கிடைத்தது. அவன் சிதம்பரத்தில் ஒரு மருந்துக் கடைக்குப் போய்ச் சேர்ந்தான். நான் கல்யாணக் கச்சேரிகளில் வாசிப்பேன், அவன் சர்ச் பாடகர் குழுவில் வாசிப்பான். ஆளுக்கொரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க வக்கில்லாததால் 2007-இல் பாதிப் பாதி போட்டு ஒன்று வாங்கினோம். கறுப்பு நிறம், பழையது, ஆனால் சத்தம் நன்றாக இருக்கும்.

பதினைந்து நாள் என்னிடம், பதினைந்து நாள் அவனிடம் என்று ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடலூர் பஸ் நிலையத்தில் கைமாறும். ஒரு பொருளை இரண்டு பேர் வைத்துக்கொண்டால் கட்டாயம் சண்டை வரும் என்று என் மனைவி சொன்னாள். இரண்டு வருஷம் வரவில்லை. அவள் கொஞ்சம் ஏமாந்துபோனாள் என்றுகூட நினைக்கிறேன்.

2009, ஏப்ரல் கடைசியில் ஒரு புதன்கிழமை. எனக்கு இரண்டாம் ஷிப்ட் என்பதால் காலையில் வீட்டில் இருந்தேன். கிட்டாரைப் பீரோவில் சாய்த்து வைத்துவிட்டு டீ எடுக்கப் போனபோது கரண்ட் போனது. ஃபேன் நின்ற எரிச்சலோடு திரும்பி வந்தவன், தரையில் கிடந்த கிட்டார் ஒயரைக் காலால் இழுத்துவிட்டேன். அடிப்பக்கம் முன்னால் வழுக்க, தலை பீரோவை உரசிக்கொண்டே வந்து சிமெண்ட் தரையில் மோதியது. அந்தக் கிட்டாரின் தலை நேராக இருக்காது, கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். மல்லாந்து விழுந்தால் முதல் அடி அதற்குத்தான்.

எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், தலையும் கழுத்தும் சேரும் இடத்தில், கறுப்புப் பெயின்டில் ஒரு மயிரிழைக் கீறல். விரலால் அழுத்தினால் அசையவில்லை. சுருதி சேர்த்தேன், நின்றது. அன்றே ஒரு போன் போட்டு "மச்சான், கீழ விட்டுட்டேன்" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக, கம்பெனி ஷூவுக்குப் போடும் கறுப்புப் பாலிஷை விரலில் எடுத்துக் கீறலின் மேல் தேய்த்தேன். துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால் கீறல் இருந்த இடமே தெரியவில்லை. என் கைவேலையில் எனக்கே ஒரு திருப்தி.

என் மனைவி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டுக் குடுங்க" என்றாள்.

"சொல்ற அளவுக்கு ஒண்ணும் ஆவல" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கிட்டாரை அவனிடம் கொடுத்தேன். பண்ருட்டியிலிருந்து வரும் சிதம்பரம் பஸ், மே மாதத்தில் முக்கால்வாசி பலாப்பழம், கால்வாசி ஜனம். அவன் கிட்டார் பையை எஞ்சின் மூடியின் மேல் வைத்திருக்கிறான். கூட்டம் ஏறியதும் யாரோ அதை எடுத்துத் தரையில் போட்டு, அதன் மேல் ஒரு பலாப்பழ மூட்டையை வைத்துவிட்டார்கள். சிதம்பரத்தில் இறங்கி ஜிப்பைத் திறந்தால் தலை தனியே தொங்கியிருக்கிறது. கம்பிகள் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தனவாம்.

அவனிடமிருந்து மிஸ்டு கால் வந்தது. கூப்பிட்டேன்.

"மச்சான், தப்பு பண்ணிட்டேன். மடியிலயே வெச்சிருந்துருக்கணும். கிட்டாரு ஒடஞ்சிபோச்சி."

அவன் எப்போதும் பொருளைத் தொலைப்பவன். பஸ்ஸில் குடையை விட்டிருக்கிறான், பிச்சாவரத்தில் படகு ஏறும்போது அவன் அப்பாவின் வாட்சைத் தண்ணீரில் விட்டிருக்கிறான். வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் அவனைத்தான் பார்ப்பார்கள். அதனால் உடைந்ததைப் பார்த்ததும் வேறு காரணமே அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கு அது தோதாகப் போய்விட்டது.

"பரவால்ல விடு மச்சான். பொருளுதான? மனுசனுக்கு ஒண்ணும் ஆவலல்ல?" என்றேன்.

நான் செய்ததற்கு அவனை மன்னித்தேன். அதையும் நன்றாகவே செய்தேன், குரலில் ஒரு பெரிய மனிதத்தனம் வந்திருந்தது. போனை வைத்து நடந்ததைச் சொன்னதும் என் மனைவி, "பழிய பலாப்பழத்துத் தலையில போட்டாச்சா? நல்லது. அதுக்குக் கோவம் வராது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

என் பக்கத்துக்கு நான் ஒரு வாதமும் வைத்திருந்தேன். கீறல்தான் நான் போட்டது, உடைத்தது பழம். இருபது கிலோ பழம் ஏறினால் கீறல் இல்லாத கழுத்தும் உடையத்தான் செய்யும். இதை ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸில் பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்குத்தான் வெற்றி.

சிதம்பரத்தில் கிட்டார் பழுது பார்க்க ஆள் கிடையாது. தச்சர்கள் இரண்டு பேர் பார்த்துவிட்டு, ஸ்க்ரூ போட்டால்தான் நிற்கும் என்றார்கள். கழுத்துக்குள்ளே நீளவாக்கில் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது, அங்கே ஸ்க்ரூ இறக்க முடியாது. இப்படியே இரண்டு மாதத்துக்கு மேல் போனது. கடைசியில் ரயிலடிப் பக்கம் கட்டிலும் டிரஸ்ஸிங் டேபிளும் செய்யும் ஒருவர் ஒப்புக்கொண்டார். எங்களைவிட நாலைந்து வயது பெரியவர் இருப்பார். கிட்டார் மேல் அவருக்கு எந்த மரியாதையும் இல்லை.

"இத்தன ஒசரத்துக்கு இம்மாஞ் சின்னக் கழுத்த வெச்சா ஒடையாம இன்னா பண்ணும்?" என்று எங்களைத் திட்டினார், நாங்கள்தான் அதைச் செய்தவர்கள் போல. ஆனால் வேலை தெரிந்தவர். உடைந்த வாய் இரண்டிலும் வெள்ளைப் பசையைத் தடவி, பொருத்தி, சைக்கிள் ட்யூபை நாடா நாடாவாகக் கிழித்து இறுக்கிச் சுற்றினார். ரப்பர் இழுத்துப் பிடிப்பதுபோல எந்தக் கிளாம்ப்பும் பிடிக்காது என்றார். நாலு நாள் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

நண்பன் எட்டு நாள் தொடவில்லை. ஒன்பதாம் நாள் நானும் மறுபடி போயிருந்தேன். பட்டறையிலேயே வைத்துக் கம்பி மாட்டினான். மெல்லிய கம்பிகள் மூன்று ஏறும்வரை ஒன்றுமில்லை. தடித்த கம்பியை முறுக்க ஆரம்பித்ததும் பின்பக்கம் ஒட்டு மெல்ல வாயைத் திறந்தது. தச்சர் கம்பிகளைத் தளர்த்தி, தலையைப் பின்னால் வளைத்து முழுசாகவே பெயர்த்து எடுத்தார். வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

உடைந்த வாயில் பாதி வெள்ளையாக இருந்தது, அங்கே பசை மரத்தையே பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. மறுபாதி கறுத்திருந்தது. அங்கே பசை கண்ணாடித் தாள்போல உரிந்து வந்தது.

"இந்தப் பக்கம் ஒட்டவே இல்ல. உள்ள இன்னாமோ பிசுக்கு இருக்குது. இன்னா போட்டீங்க இதுல?"

நான் கூரையைப் பார்த்தேன். நண்பன் வாயைத் திறந்தான்.

"நான்தான் அண்ணே. பலாப்பால் ஒழுகி ஒரே பசையா இருந்துச்சி. தேங்காயெண்ண போட்டுத் தொடச்சேன்."

எங்கள் பக்கத்தில் பலாப்பழம் அரிந்தால் கைக்கும் கத்திக்கும் எண்ணெய் தடவுவது எல்லாரும் செய்வதுதான். அவனும் பையிலும் கிட்டாரிலும் ஒட்டிய பாலை அப்படித் துடைத்திருக்கிறான். ஆனால் அவன் துடைத்தது முன்பக்கம், கம்பி முறுக்கும் சாவிகள் இருக்கும் இடம். அதைக் கையால் காட்டவும் செய்தான். கறுத்திருந்தது பின்பக்கம்.

தச்சர் அதைக் கவனிக்கவில்லை. எண்ணெய் என்றதும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார். "எண்ண குடிச்ச மரம் சார் இது. உள்ள ஊறிப்போயிருக்கும், தொடச்சாலும் திரும்பத் திரும்பக் கக்கும். பசை புடிக்காது. இந்தக் கழுத்த தூக்கிப் போட்டுட்டு வேற கழுத்து பாருங்க. என்னால ஆவாது."

வேறு கழுத்துக்கு நாங்கள் எங்கே போவது? நண்பன் வெளியே பலகை அடுக்கின் மேல் போய் உட்கார்ந்தான். அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டான்.

"மச்சான், நமக்குள்ள இது வேணாம். நீ தனியா ஒண்ணு வாங்கிக்க. என் கையில குடுத்தா எதுவும் நெலைக்கல. எங்கப்பா சொல்றது சரிதான். சர்ச்சுலயும் சொல்லிடறேன், இனிமே நான் வாசிக்கல."

அவன் அழவில்லை, கோபப்படவும் இல்லை. மருந்துக் கடையில் இல்லாத மாத்திரையை இல்லை என்று சொல்வதுபோலத்தான் சொன்னான். பதினான்கு வயதிலிருந்து வாசிக்கிறவன். நான் கச்சேரியில் தெரிந்த நாலு கார்ட்ஸைப் பிடித்து ஒப்பேற்றுகிறவன், அவன் நிஜமாகவே வாசிப்பான். அவன் விட்டுவிடுவான் என்பது எனக்குத் தெரிந்தது. எண்ணெய் ஊறிய மரம் வேறு, மேலாக மெழுகு படிந்த மரம் வேறு என்பதும் தெரிந்தது. ஸ்டோர்ஸில் வேலை பார்ப்பவனுக்கு அந்த அளவு தெரியும். பாலிஷ் வெறும் மெழுகு. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் மரம் பிழைத்துக்கொள்ளும்.

சொல்ல எனக்கு மனசே வரவில்லை. இதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு டீ குடித்துவிட்டு வரலாமா என்று கேட்டேன். அவன் வேண்டாம் என்றான். பழைய வாதத்தை இன்னொரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன், அன்றைக்கு அது பாதியிலேயே நின்றுபோனது.

"அது எண்ண இல்ல மச்சான்" என்றேன். "ஷூ பாலிஷ். நான் போட்டது."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"வீட்டுல கீழ விழுந்து கீறல் விட்டுச்சி. தெரியக்கூடாதுன்னு தேச்சேன்."

"பஸ்ஸுல ஏத்தறதுக்கு முன்னாடியா?"

"ஆமா. நாலு நாளு முன்னாடி."

"ஏன்டா சொல்லல" என்று கேட்பான் என்று நினைத்தேன். அவன் கேட்கவில்லை. எழுந்து உள்ளே போனான்.

"அண்ணே, அது பாலிஷாம். எண்ண இல்லயாம்."

"பாலிசா?" தச்சர் தலையை எடுத்து மூக்கருகில் வைத்து முகர்ந்தார். "அட, ஆமா. இத அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு வேல ஆயிருக்காதில்ல?" என்று நண்பனைத் திட்டினார். நான் குறுக்கே போய், "நான்தான் அண்ணே சொல்லல" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெயின்ட் கலக்கும் தின்னரை எடுத்தார்.

பிளேடால் சுரண்டி, தின்னர் நனைத்த துணியால் துடைத்தார். துணி கறுப்பாக வந்தது. அதைத் தரையில் போட்டுவிட்டு இன்னொரு துண்டு கிழித்தார். அதுவும் கறுப்பு. ஐந்தாவதோ ஆறாவதோ துணி வெள்ளையாக வந்தது. நான் தேய்த்தது விரல் நுனியளவு பாலிஷ்தான். பசை தடவிப் பொருத்தும்போது தலையைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும் என்றார். பக்கத்தில் நின்றவன் நான். நண்பன் என்னைத் தாண்டி வந்து பிடித்துக்கொண்டான்.

இந்த முறை ஒட்டு நின்றது. ஆறு கம்பியும் ஏறி, சுருதியும் சேர்ந்து, ஒரு வாரம் போனபிறகும் அசையவில்லை. மரமே வேறு இடத்தில் உடைந்தாலும் உடையும், இந்த இடம் விடாது என்றார் தச்சர். சர்ச்சில் அவன் மறுபடி வாசித்தான். எங்கள் பதினைந்து நாள் கணக்கும் தொடர்ந்தது. அவன் எங்கள் வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான், என் மனைவியோடு சேர்ந்து என்னைக் கிண்டல் செய்வான். பாலிஷ் பேச்சை எடுத்ததே இல்லை.

ஒன்று மட்டும் புதிதாக வந்தது. பஸ் நிலையத்தில் நான் கிட்டாரை நீட்டினால் அவன் உடனே தோளில் மாட்டிக்கொள்ள மாட்டான். பெஞ்சில் வைத்து ஜிப்பைத் திறப்பான். கிட்டாரைக் கவிழ்த்து, கழுத்தின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டி, கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்ப்பான். பிறகு மூடிவிட்டு, "சரி மச்சான், வரேன்" என்பான். குரலில் எந்த மாற்றமும் இருக்காது. கழுத்து என்றில்லை, கிட்டார் முழுக்கப் பார்ப்பான், புதுக் கீறல் ஏதாவது இருக்கிறதா என்று. முதல் தடவை எனக்குக் காது சுட்டது. பிறகும் சுட்டது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை என்று மூன்று வருஷம்.

2012-இல் அவனுக்குக் கடலூரில் கல்யாணம் நடந்தது. சாயங்கால வரவேற்பில் எங்கள் குழுதான் கச்சேரி. அன்றோடு என் முறை முடிகிறது. கடைசிப் பாட்டு முடிந்ததும் மணமேடை ஏறி, வாழ்த்துச் சொல்லி, சிரித்துக்கொண்டே கிட்டார் பையை அவனிடம் கொடுத்தேன். கோட்டும் மாலையுமாக நின்றவன் அதை வாங்கி நாற்காலியில் வைத்தான். ஜிப்பைத் திறந்து கிட்டாரை எடுத்தான். போட்டோக்காரர் விளக்கைத் திருப்பிப் பிடித்தார், அந்த வெளிச்சத்தில் கழுத்தைக் கவிழ்த்துப் பார்த்தான்.

"இன்னாங்க பாக்குறீங்க?" என்று புதுப்பெண் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. பழக்கம்" என்றான்.

அவன் பார்த்து முடிக்கும்வரை நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.