சூட்டோடு மூடிய டப்பா

டெலிபோன் ஆபீஸ் அக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஊரையெல்லாம் பேச வைத்தவளுக்கு, தான் பேசுவதற்கென்று இருந்தது ஒரே ஒரு தம்பிதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது, அவனுக்குப் பதினொன்று. படிப்பு கெடக்கூடாது என்று அவனை எங்கோ ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அவன் அங்கே இருந்த ஐந்து வருஷமும் மாதம் ஒரு பார்சல் போகும். பன்னிரண்டு கப்கேக். காலையில் சுட்டு, ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு தகர டப்பாவில் அடுக்கி, மூடியை அழுத்தி, சுற்றிலும் டேப் ஒட்டிவிடுவாள். சூடு உள்ளேயே நின்றால்தான் கேக் மெத்தென்று இருக்கும் என்பது அவள் கட்சி. ஆறவிட நேரம்தான் ஏது? ஷிப்டுக்கு முன்னால் தபாலில் சேர்த்தாக வேண்டுமே! பார்சல் போய்ச் சேர நாலு நாள். தம்பியும் தவறாமல் எழுதுவான்: 'இப்பதான் சுட்ட மாதிரி இருக்கு அக்கா.' அத்தனையும் பச்சைப் புளுகு.

அந்த அக்கா வருகிற திங்கட்கிழமை ரிட்டயர் ஆகிறாள். தலை நரைத்த தம்பி வந்திருக்கிறான். சனிக்கிழமை மத்தியானம், ஆபீசுக்காக நாற்பது கப்கேக் சுட்டு, ஆவி பறக்க டப்பாவில் அடுக்கிவிட்டாள்.

"அந்த மூடியை எடுடா."

மூடியை எடுத்தவன் கொடுக்கவில்லை. சொன்னால் ஐந்து வருஷக் கடிதமும் பொய்யாகும். சொல்லாவிட்டால், முப்பத்தொன்பது வருஷம் உழைத்தவள் கடைசி நாளில் நசநசத்த கேக்கை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

"அக்கா, சூட்டோட மூடாதே. உள்ளே வேர்த்துடும். நல்லா ஆறட்டும்."

"போடா. அஞ்சு வருஷம் உனக்கு அப்படித்தானே அனுப்பினேன்?"

"அஞ்சு வருஷமும் பூசணம் பூத்துத்தான்க்கா வந்துச்சு."

அக்கா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ எதைடா சாப்பிட்டே?"

"மேலே சுரண்டிட்டு, நடுவுல நல்லா இருக்கறதை."

"ஒரு வரி எழுதக்கூடாதா? ஆறவெச்சு அனுப்பியிருப்பேனே."

"எழுதினா நீ அனுப்பறதையே நிறுத்திடுவியோன்னு பயம். எனக்கு வேற யாரு பார்சல் அனுப்புவா?"

அவள் எழுந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தட்டில் பரப்பினாள். மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பினாள். ஒரு மணி நேரம் ஆறவிட்டாள். பிறகு ஒன்றைத் தொட்டுப் பார்த்து, அடியில் சூடில்லை என்று தெரிந்ததும் அவன் கையில் வைத்தாள்.

"இப்ப சொல்லு. எப்படி இருக்கு?"

அவன் மென்று விழுங்கினான். இனி எதற்குப் பொய்?

"நல்லா இருக்குக்கா. இனிப்புதான் கொஞ்சம் தூக்கல்."

"இதையாவது அப்பவே எழுதித் தொலைச்சிருக்கலாமேடா," என்றாள் அக்கா. சிரிக்கத்தான் வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது.